வரியில்லாமல் ஒரு காந்தம்!

"நில்லுங்க! அந்தத் துப்பாக்கியோட இன்னும் ஒரு அடி வெச்சீங்க... உள்ள ரெண்டாவது பிணம் விழும்!"

கான்ஸ்டபிள் நின்றார்.

நின்றார் என்பதை விட நிறுத்தப்பட்டார் என்பதே சரி. அவருடைய மார்பில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, கதவோரமாக நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். வெள்ளைக் கோட்டு. ஒல்லியான உடம்பு. வயது நாற்பதைத் தொட இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

"ஏம்மா! போலீஸ் மேலயே கை வைக்கிறியா?"

"வெச்சதுக்கு வீட்டுக்குப் போய் உங்க சம்சாரத்தை நன்றி சொல்லச் சொல்லுங்க! உள்ள இருக்கறது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின். ஆறு டன் காந்தம். உங்க இடுப்புல இருக்கற இரும்பைப் பிடுங்கி உங்க மண்டையிலயே அடிக்கும்!"

கான்ஸ்டபிளின் கை தானாக மண்டையைத் தடவியது.

"அப்ப... உள்ள கிடக்கறவரு?"

அவள் திரும்பினாள். பாதி திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தாள்.

புத்தம் புதிய மெஷின். வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய வாய். அந்த வாய்க்குள் ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் சாய்வாகச் செருகிக்கொண்டு நின்றது. கீழே, தரையில், குப்புறக் கிடந்தது ஓர் உருவம். தலையைச் சுற்றி ரத்தம்... உறைந்து கறுத்திருந்தது.

காலில் இருந்த தேய்ந்த செருப்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்டோர் கீப்பர்!

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'லெட்ஜர்' என்றால் தான் தெரியும். ஒரு டஜன் ஊசி வந்தாலும் பதினொன்றா பன்னிரண்டா என்று எண்ணிப் பார்த்துத்தான் ரிஜிஸ்தரில் ஏற்றுவார். இவளுக்கு மட்டும் 'லெட்ஜர் அண்ணன்'.

இவளையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேட் வாட்ச்மேனில் இருந்து பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் 'ஸ்கேன் அக்கா'. பதினோரு வருடமாக எதிர் அறையில் இருக்கும் பழைய ஸ்கேன் மெஷினைக் கட்டி மேய்க்கும் டெக்னீஷியன்.

மணி காலை எட்டு இருபத்தைந்து.

பெருக்க வந்த அம்மா போட்ட அலறலில் காரிடாரே கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் பெரிய டாக்டர். ஸ்கேன் துறையின் தலைவர். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை, யாரையும் அதட்டாத குரல்.

கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"அடப்பாவமே! சிலிண்டரை உள்ள கொண்டு போயிருக்கானே... எத்தனை தடவை சொல்லியிருக்கோம்!"

"சார், நான் உள்ள போய்ப் பார்க்கறேன்" என்றாள் ஸ்கேன் அக்கா. "போனை வெளியே வெச்சுட்டா என் உடம்புல ஒரு குண்டூசி கூட இல்லை. மூச்சு இருந்தாலும் இருக்கும்..."

"வேண்டாம்மா. ரத்தத்தைப் பாரு. மூச்சு நின்னு ரொம்ப நேரம் ஆச்சு. அந்தச் சிலிண்டர் எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியாது. இன்னொரு உயிர் போக நான் விட மாட்டேன். கம்பெனி இன்ஜினியர் வெளியூர்ல இருந்து வந்து காந்தத்தோட சக்தியை இறக்கட்டும். அது வரைக்கும் ஈ, எறும்பு உள்ள போகக் கூடாது!"

கான்ஸ்டபிள் தலையை ஆட்டினார். அவருக்கு அதில் முழுச் சம்மதம்!

*

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வந்ததும் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பத்துப் படம் எடுத்தார். ஒன்பதரைக்கு முடிவுக்கு வந்தார்.

"இந்த ரூம் சாவி யார் பொறுப்பு?"

"என் பொறுப்பு சார்" என்றாள் ஸ்கேன் அக்கா. "என் மேஜைக்கு மேல ஆணியில தொங்கும். ஆனா ரெண்டு மாசமா நான் இந்தக் கதவைத் திறந்ததே இல்லை. கம்பெனிக்காரங்க ஒப்படைக்கிற வரைக்கும் யாரும் நுழையக் கூடாதுன்னு ஆர்டர்."

"அப்ப கதவு எப்படித் திறந்துச்சு?"

"அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும். எனக்குச் சம்பளம் ஸ்கேன் எடுக்க!"

இன்ஸ்பெக்டர் முறைத்தார். ஒரு தாளை மேஜை மேல் வைத்தார்.

"கண்டுபிடிச்சாச்சு. நீ பூட்ட மறந்துட்டே. அந்த ஆள் விவரம் தெரியாம சிலிண்டரோட நுழைஞ்சுட்டான். அலட்சியத்தால மரணம். இதுல ஒரு கையெழுத்து போடு."

"போட மாட்டேன்."

"என்னம்மா சொல்றே?"

"காது கேட்குதுல்ல சார்? போட மாட்டேன். திறக்காத கதவுக்கு நான் கையெழுத்து போடணும், விவரம் தெரிஞ்ச ஆளை விவரம் தெரியாதவன்னு எழுதணும். லெட்ஜர் அண்ணன் பழைய ஸ்கேன் ரூமுக்கு வந்தா சட்டைப் பையில இருக்கற பேனாவைக் கூட வெளியே வெச்சுட்டு வருவார். அவரா சிலிண்டரைத் தூக்கிட்டு வருவார்?"

பெரிய டாக்டர் அவள் தோளைத் தட்டினார்.

"போட்டுடும்மா. நீ என் பொண்ணு மாதிரி. வேலை போகாம நான் பார்த்துக்கறேன். தெரியாம நடந்தது தானே?"

"தெரியாம நடந்திருந்தா போட்டிருப்பேன் சார்."

"பதினோரு மணி வரைக்கும் டைம்" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்கப்புறம் ஜீப்புல ஏத்திடுவேன்!"

"முன் சீட்டா, பின் சீட்டா? முன் சீட்டுன்னா யோசிக்கிறேன்!"

விறுவிறுவென்று காரிடாருக்கு வந்தாள்.

கோட்டுப் பையில் செல்போன் ஒலித்தது.

லெட்ஜர் அண்ணனின் மனைவி!

"ஸ்கேன் அக்கா, உங்க அண்ணன் அங்க இருக்காரா? போனை எடுக்க மாட்டேங்கறார். கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டார். அது இல்லைன்னா யானை கூட அவர் கண்ணுக்குத் தெரியாது. காலையில ஆறரைக்கே உங்க ஆபீஸ்ல இருந்து போன்... உடனே வாங்கன்னு. முகம் கூட சரியாக் கழுவலை..."

ஸ்கேன் அக்கா கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போனாள்.

"அண்ணி... நீங்க வீட்டுல இருங்க. நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் யார் வந்து எது சொன்னாலும் எதுலயும் கையெழுத்து போடாதீங்க."

"என்னாச்சு? ஏன் குரல் ஒரு மாதிரி..."

துண்டித்தாள்.

சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நேற்று சாயங்காலம் லெட்ஜர் அண்ணன் சொன்னது அப்படியே காதுக்குள் ஓடியது.

'அக்கா, வரி கட்டாம இறக்கின மெஷின் இது. நாளைக்குப் பதினோரு மணிக்கு கஸ்டம்ஸ்ல இருந்து பார்க்க வர்றாங்க. ஸ்டாக் ரிஜிஸ்தர்ல ஏத்துய்யான்னு உயிரை எடுக்கறாங்க. ஏத்த மாட்டேன்னுட்டேன். பேப்பர்ல ஆறு டன்னுன்னு இருக்கு. அன்னிக்கு நாலு பேர் சிரிச்சுப் பேசிக்கிட்டே தூக்கிட்டு வந்தானுங்க. அதுல ஒருத்தன் ஒத்தைக் கையில போன் வேற பேசிக்கிட்டிருந்தான்!'

சிரித்துவிட்டுப் போயிருந்தாள்! பதினொன்றா பன்னிரண்டா என்று எண்ணுகிற மனுஷன் வழக்கம் போலப் புலம்புகிறார் என்று நினைத்தாள்!

ஆறு டன்... நாலு பேர்...

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

எதிரே பழைய ஸ்கேன் அறை. அதற்குள் இருந்து வழக்கமான சத்தம். சிக்... டக்... சிக்... டக்... காந்தத்தைக் குளிர வைக்கிற பம்ப். ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும் அது நிற்காது. பதினோரு வருடமாகத் தூக்கத்தில் கூடக் கேட்கிற சத்தம்.

போய்ப் பழைய அறையின் கனத்த கதவை இழுத்துச் சாத்தினாள். சத்தம் அடங்கியது.

திரும்பி வந்தாள். புது அறையின் சுவரில் காதை ஒட்ட வைத்தாள்.

ஒரு விநாடி... ஐந்து விநாடி... அரை நிமிடம்...

ஒன்றுமில்லை!

செத்துப் போன காந்தமா? இல்லை... பிறக்கவே பிறக்காத காந்தம்!

உள்ளே நிற்பது வெறும் கூடு. காந்தமே இல்லை என்றால் சிலிண்டரை இழுத்தது எது? சிலிண்டர் தானாகப் போகவில்லை. ஒரு கை அதை ஓங்கியிருக்கிறது. பிறகு அந்த வாய்க்குள் செருகியிருக்கிறது!

கத்தலாமா?

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

கத்தினால் என்ன ஆகும்? 'அய்யய்யோ, எங்களையும் ஏமாத்திட்டாங்களே' என்று எல்லாரும் ஒரே ராகத்தில் பாடுவார்கள். கொன்றவனும் அந்தப் பாட்டில் சேர்ந்துகொள்வான். காந்தம் இல்லை என்று முன்பே தெரிந்தவன் எவனோ, அவன் தான் ஆள். அவன் அதை வாயால் சொல்ல மாட்டான்.

காலால் சொல்வான்!

*

சரியாகப் பதினோரு மணிக்குக் கஸ்டம்ஸ் அதிகாரி வந்தாள். ஐம்பது வயது. கையில் ஒரு கோப்பு. முகத்தில் சிரிப்பு என்ற சரக்கு இறக்குமதியே ஆனதில்லை போலிருந்தது. பின்னாலேயே வந்தார் மெஷினை வரவழைத்துக் கொடுத்த ஏஜென்ட். வேகாத வெயிலிலும் கோட்டு போடுகிறவர். இன்று அந்தக் கோட்டுக்குள் தொப்பலாக நனைந்திருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்ததைப் பார்த்ததும் ஏஜென்டின் கை சுவரைத் தேடியது.

"கண்டிப்பா இன்னிக்கே பார்க்கணுமா மேடம்?" என்றார் பெரிய டாக்டர் தணிவாக. "ஒரு சாவு நடந்த இடம்..."

"கண்டிப்பா. வரி இல்லாம கருவி இறக்க உங்களுக்குச் சலுகை எதுக்குத் தந்தாங்க? பசங்க படிக்கணும், காசில்லாத நோயாளிக்கு இலவசமாப் பார்க்கணும்னு. அது இந்தக் கட்டிடத்தை விட்டு நகரக் கூடாது. விக்கக் கூடாது. வாடகைக்கு விடக் கூடாது. சொன்ன இடத்துல சொன்ன மெஷின் இருக்கான்னு பார்க்கறது என் வேலை. மெஷின் நம்பரை ஒத்துப் பார்க்கணும்."

"மெஷின் தான் கண்ணு முன்னாடி நிக்குதே!"

"கண்ணு முன்னாடி நிறைய நிக்கும் டாக்டர். எனக்கு நம்பர் வேணும்."

ஸ்கேன் அக்கா முன்னால் வந்தாள்.

"நம்பர் தகடு மெஷினோட வாய்க்குப் பக்கத்துல, நெஞ்சு உயரத்துல இருக்கும் மேடம். காந்தம் ரொம்ப பலமா இழுக்கற இடம். உள்ள போறவங்க இரும்பு எதுவும் இல்லாம போகணும். யாராவது ஒருத்தர் போய்ப் படிச்சுச் சொன்னா போதும்." எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "யார் போறீங்க?"

கான்ஸ்டபிள் விட்டத்தை ஆராய்ந்தார்.

"ஏஜென்ட் சார்?"

"ந... நானா? எனக்கு ரத்தம்னா ஆகாது. மயக்கம் வந்துடும். நான் வரலை!"

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. ஏஜென்டை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நானே போறேன்" என்றாள் கஸ்டம்ஸ் அதிகாரி. வளையலைக் கழற்றினாள். "போனதுதான் போறேன், மெஷினை நாலு பக்கமும் தட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்."

"நோ, நோ!" பெரிய டாக்டர் குறுக்கே பாய்ந்தார். "விருந்தாளியா வந்த உங்களை நான் அனுப்புவேனா? என் துறை, என் பொறுப்பு. நான் போறேன். கண்ணாடி வழியா பாருங்க... சத்தமா படிக்கிறேன்."

"சார்... நீங்களா?" என்றாள் ஸ்கேன் அக்கா.

"யாராவது போய்த்தானே ஆகணும்?"

வாட்சைக் கழற்றினார். மோதிரம். பெல்ட். பேனா. செல்போன். சாவிக்கொத்து. மூக்குக் கண்ணாடியையும் ஸ்கேன் அக்காவின் கையில் கொடுத்தார். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். பாடம் நடத்துகிற வாத்தியார் மாதிரி ஒன்று விடாமல்!

உள்ளே போனார்.

தரையில் கிடந்தவரைத் தாண்டினார். மெஷினின் வாயை ஒட்டி, நெஞ்சு உரசுகிற நெருக்கத்தில் குனிந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு நிதானமாக, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

கஸ்டம்ஸ் அதிகாரி கோப்போடு ஒத்துப் பார்த்தாள்.

"சரியா இருக்கு."

பெரிய டாக்டர் வெளியே வந்தார். நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை.

"திருப்தி தானே மேடம்? இன்ஸ்பெக்டர், பதினோரு மணி தாண்டிடுச்சு. அந்தப் பொண்ணு கையெழுத்தை..."

"போடறேன் சார்" என்றாள் ஸ்கேன் அக்கா. "ஒரு நிமிஷம்!"

காரிடாரில் நோயாளிகள் உட்காரும் இரும்பு நாற்காலி ஒன்று கிடந்தது. போய் அதை இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கிக்கொண்டு நேரே அறையை நோக்கி நடந்தாள்!

"ஏய்! என்ன பண்றே!"

"காந்தம்! காந்தம்!" அலறிக்கொண்டு சுவரோடு பல்லியானார் கான்ஸ்டபிள்.

வாசற்படியைத் தாண்டினாள். நாற்காலி அவள் கையை விட்டுப் பறக்கவில்லை. அவளாகத்தான் பறக்க விட்டாள்... ஓங்கி, மெஷினின் நெற்றியைப் பார்த்து!

மடார்!

வெள்ளை மூடி விரிசல் விட்டது. பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. நாற்காலி எதிலும் ஒட்டாமல் தரையில் உருண்டது.

உடைந்த ஓட்டைக்குள் தெரிந்தது... மரச்சட்டம். நாலு மணல் மூட்டை. ஒரு காலி பெயின்ட் டப்பா!

"மேடம், ஆறு டன்னையும் எண்ணிக்குங்க!"

எல்லாரும் அறைக்குள் திரண்டார்கள்.

பெரிய டாக்டர் தான் முதலில் கத்தினார்.

"மோசம் போயிட்டோமே! இன்ஸ்பெக்டர், பிடிங்க அந்த ஏஜென்டை! வெறும் கூட்டைக் கொண்டு வந்து நம்ம தலையில கட்டியிருக்கான்! லெட்ஜர் கண்டுபிடிச்சுட்டான்னு கொன்னுட்டான்!"

இன்ஸ்பெக்டரின் கை ஏஜென்டின் கோட்டுக் காலரைக் கொத்தாகப் பற்றியது.

"சத்தியமா இல்லை சார்! நான் பேப்பர் வேலை மட்டும் தான்! நிஜ மெஷின் பெரிய டாக்டரோட மருமகன் நடத்தற ஸ்கேன் சென்டர்ல ஓடுது! அனுப்பச் சொன்னதே இவர் தான். கொலை எல்லாம் எனக்குத் தெரியாது சார்!"

"மாட்டிக்கிட்டதும் என்னைக் கோர்த்து விடறான் பாருங்க!" பெரிய டாக்டரின் குரல் தழுதழுத்தது. "எனக்குத் தெரிஞ்சிருந்தா உள்ள போறதுக்கு முன்னாடி வாட்சு, மோதிரம் எல்லாம் எதுக்குக் கழட்டறேன்? ஆறு டன் காந்தம் இருக்குன்னு நம்பித்தானே, உயிரைப் பணயம் வெச்சு உள்ள போனேன்? எல்லாரும் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பார்த்தேன்" என்றாள் கஸ்டம்ஸ் அதிகாரி.

"நானும் பார்த்தேன்" என்றாள் ஸ்கேன் அக்கா. "அதைப் பார்க்கத்தான் காலையில இருந்து காத்திருந்தேன்."

பெரிய டாக்டர் திரும்பினார்.

"என்னம்மா?"

"வாட்சைக் கழட்டினீங்க. பெல்ட்டைக் கழட்டினீங்க. மோதிரத்தையும் கழட்டினீங்க. தோலுக்கு அடியில இருக்கறதை எப்ப சார் கழட்டினீங்க?"

பெரிய டாக்டரின் வலது கை, அவரைக் கேட்காமலேயே, இடது தோளுக்குக் கீழே போய் நின்றது.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி வெளியூர் போய் நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சுக்கிட்டார் மேடம். தெரிஞ்சா காலேஜ் முதல்வர் பதவி கைநழுவிப் போயிடும்னு யார்கிட்டயும் சொல்லலை. அந்த இடம் வலிக்குதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை என்னைத் தனியாக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ரகசியம்னார். இன்னிக்கு வரைக்கும் காப்பாத்தினேன்."

இன்ஸ்பெக்டரின் பிடி ஏஜென்டின் காலரில் இருந்து தளர்ந்தது.

"அன்னியில இருந்து எங்க பழைய ஸ்கேன் ரூம் வாசலைக் கூட இவர் மிதிச்சதில்லை. எதுவா இருந்தாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தான். அவர் வெச்சிருக்கற பழைய மாடல் பேஸ்மேக்கர் காந்தத்துக்குப் பக்கத்துல போனா, அதுவும் நிக்கும், அதை நம்பியிருக்கற இதயமும் நிக்கும். வருஷா வருஷம் புதுப் பசங்களுக்கு இவர் நடத்தற முதல் பாடமே அது தான்! அப்படிப்பட்டவர் மெஷின் வாயில நெஞ்சைச் சாய்ச்சு, நிதானமா நம்பர் படிக்கிறார்..."

"காந்தம் இல்லைன்னு தெரிஞ்ச ஆளு..." இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார். "காந்தம் தான் கொன்னுதுன்னு காலையில இருந்து எனக்குக் கதை சொல்லியிருக்கார்!"

"ரிஜிஸ்தர்ல ஏத்த மாட்டேன்னு சொன்ன லெட்ஜர் அண்ணனை ஆறரைக்கு போன் போட்டு வரவழைச்சு, என் ஆணியில இருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்ததும் இவராத்தான் இருக்கணும் சார்" என்றாள் ஸ்கேன் அக்கா.

இடுப்பில் இருந்து கைவிலங்கை எடுத்தார். பெரிய டாக்டர் ஒரு அடி பின்வாங்கினார். இன்னொரு அடி... முதுகில் உடைந்த மெஷின் இடித்தது.

"இரும்பு தான் சார், ஆனா பயப்படாம கையை நீட்டுங்க" என்றாள் ஸ்கேன் அக்கா. "இந்த ரூம்ல அது உங்க மணிக்கட்டைத் தவிர வேற எதுலயும் ஒட்டாது!"